பாட்டுக்குள் ஒளித்த தண்ணீர்

பாட்டுக்கடையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: ஊரில் யார் வீட்டுப் பிள்ளை சொல் கேளாவிட்டாலும் பழி நம் ஸ்பீக்கருக்குத்தான்.

ஹாஜியாரின் சந்தேகம்

சுனாமியாய்க் கடல் வந்து போன மறுவருஷம் கல்முனைச் சந்தைப் பக்கம் என் முதலாளி றியாஸ் காக்கா திரும்பவும் சீடிக் கடை திறந்தார். பாட்டுப் பதிவது என் வேலை. ஒருநாள் கட்டடச் சொந்தக்காரர் ஹாஜியார் வந்தார். மகன் வயலுக்குப் போகாமல் பாட்டே கதியென்று கிடக்கிறானாம். பாட்டுக்குள் காதுக்குப் பிடிபடாத செய்தி ஒளித்து ஆளை மயக்குகிறார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கடையைக் காலி பண்ணச் சொன்னார்.

"சோதிச்சுப் பார்ப்பம் ஹாஜியார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"சரி, ஒளிச்சுக் காட்டு. ஆக்கள் அதுக்கு ஆடினா கடைத் திறப்பத் தந்திட்டுப் போகணும்." காக்காவின் கை இடுப்பிலிருந்த சாவிக்குப் போனது.

பானை

இஸ்லாமிய கீதம் ஒன்றின் அடியில் "தண்ணி குடிங்க" என்று என் குரலை மெல்லப் புதைத்தேன். கடைக்கு வருவோர் குடிக்க மேசையில் தண்ணீர்ப் பானை. முதல் நாள் செய்தியோடு, மறுநாள் செய்தி இல்லாமல். முதல் நாள் பின்னேரத்துக்குள் பானை பாதியானது. மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளியில் அறிவித்தார்கள்: பிறை கண்டாச்சு, நாளை நோன்பு. பிறை ஒருநாள் தள்ளும் என்று நம்பிய புத்திசாலி நான்.

மறுநாளும் விடாமல், செய்தி இல்லாத பாட்டைப் போட்டேன். பானை தளும்பி நின்றது. நோன்பில்லாத பாண்டிருப்புச் சிவம் அண்ணன் வியர்த்து விறுவிறுத்து வந்து கிளாஸைத் தூக்கினார், எங்களைப் பார்த்தார், வைத்துவிட்டார்.

"நீங்க எல்லாரும் நோன்போட நிக்க, நான் முன்னால நிண்டு குடிக்கிறதோ தம்பி?"

மறைக்காத கொப்பி

இரண்டு நாள் பானை அளவும் குறித்து வைத்த கொப்பியைப் பார்த்தால் செய்தி வேலை செய்கிறது என்றே வந்தது. "காட்டாதடா, கடை போயிரும்" என்றார் காக்கா. காட்டினேன். நோன்பு குறுக்கே வந்ததைச் சொல்லி, பெருநாள் கழித்து மறுபடி செய்வேன் என்றேன். ஹாஜியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொய் சொல்லாம வந்திரிக்காய். அதுவரைக்கும் திறப்பு உங்கட்டயே இரிக்கட்டும்."

பெருநாள் கழித்து

இரண்டு நாளும் ஹாஜியாரே கதிரை போட்டுக் காவல் இருந்தார். எந்த நாள் செய்தி என்று அவருக்குச் சொல்லவில்லை. இரண்டு நாளும் பானை ஒரே அளவுதான் இறங்கியது. இரண்டாம் நாள் மூன்றாவது கிளாஸையும் குடித்துவிட்டு, "இண்டைக்குத்தான் ஒளிச்சிரிக்காய்" என்றார்.

"இல்ல ஹாஜியார், அது நேத்து."

கிளாஸைக் கவிழ்த்து வைத்தார். பிறகு எழும்பினார்.

"அப்ப ஏன் வயலுக்கு வாறாயில்ல எண்டு மகனிட்டயே கேட்டிரிக்கணும்."

கடை தப்பியது, ஆனால் ஒரு வாப்பா தன் மகனோடு நேரே கதைக்க நான் நோன்பு மாதம் தாண்டியும் பானை சுமக்க வேண்டியிருந்தது.