மைனஸ் இருபத்து நாலிலும் ஒரே அடியில்

எங்கள் காருக்கு இருபத்திரண்டு வயது. பின்பக்கம் நீளமான பழைய டீசல் கார். அந்தக் குளிருக்கு அதைத் தயார் செய்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு யாருமே சொல்லவில்லை.

அந்த மார்கழியில், ஒஸ்லோவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளித் திராமனில் உள்ள ஒரு முதியோர் இல்லத்திலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. சமையலறைப் பொறுப்பாளர் வேலை. ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பதினெட்டு வருடமாக ஒஸ்லோவின் சமையலறைகளில் நான் விகாராகவே நின்றவள். விகார் என்றால் வேறொருவர் வராத நாளில் அவருடைய இடத்தில் நிற்பவர். காலையில் போன் அடித்தால் வேலை, அடிக்காவிட்டால் வீடு. ஐம்பது வயதில் நோர்வேஜிய மொழியில் சோதனை எழுதிச் சமையல் தொழிலுக்கான சான்றிதழ் எடுத்தேன். நிரந்தர வேலை ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என் வயதுக்குக் கடைசித் தடவையும் அதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

குளிர் கூடினால் இந்த ஊரில் முதலில் படுப்பது ரெயின். அதனால் காரை நம்பினேன்.

இருபது வயதில், நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தபோது எங்கள் விடுதிக்கு ஒரு பழைய வான் இருந்தது. முதலில் எழும்புகிறவள் அதை ஸ்ராட் பண்ண வேண்டும். பண்ணாவிட்டால் ஒன்பது பேர் கடற்காற்றில் நடக்க வேண்டும், நடக்கும் தூரமெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே நடப்பார்கள். அந்தப் பயத்தில் படித்த வித்தை மறக்கவில்லை.

என் கணவர் கோயில் நிர்வாக சபையின் செயலாளர். அவருடைய வேலை ஒரு களஞ்சியத்தில். ஆனால் யாராவது கேட்டால் செயலாளர் என்பதைத்தான் முதலில் சொல்லுவார். கார் விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது: ஒயில் எவ்வளவு தடிப்போ அவ்வளவு நல்லது. ஊரில் அது சரி. மைனஸ் இருபதில் தடித்த ஒயில் களியாகிவிடும், என்ஜினைச் சுற்ற ஸ்ராட்டருக்கு வலு வராது. நான் கராஜில் கொடுத்து மெல்லிய ஒயிலுக்கு மாற்றினேன். மற்றதெல்லாம் அம்மருட்டில் எங்கள் மாடிக்குக் கீழே உள்ள கார் தரிப்பிடத்தில், என் கையால்.

பற்றரியின் இரண்டு முனையிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. சுடுதண்ணீர் ஊற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வாசலீன் பூசி இறுக்கினேன். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டை உறிஞ்சிப் பார்க்கும் சிறு கண்ணாடிக் குழாய் வாங்கி, அது எத்தனை பாகை வரை உறையாது என்று பார்த்தேன். மைனஸ் பதினைந்துதான் காட்டியது. பாதியை வடித்துப் புதிதாக ஊற்றினேன். டீசல் என்ஜினுக்குள் எரிபொருள் பற்றுவதற்கு முன் உள்ளே சூடேற்றும் குளோ பிளக் நான்கு இருக்கும். ஒன்று செத்துக் கிடந்தது. அதைக் கழற்றும்போது விரல் முட்டியில் தோல் போனது. எரிபொருள் வடிகட்டியில் தங்கியிருந்த தண்ணீரைத் திறந்துவிட்டேன். தாங்கியில் கோடைக்கு அடித்த டீசல் முடியுமட்டும் காரை ஓட்டிவிட்டு, குளிரில் கெட்டியாகாத குளிர்கால டீசல் அடித்தேன்.

இவ்வளவுக்கும் நடுவில் என் கணவரும் உதவி செய்தார். கதவுகள் உறைந்து ஒட்டாமல் இருக்க ரப்பருக்கு எண்ணெய் பூச வேண்டும் என்று எங்கோ கேட்டுவிட்டு, நான்கு கதவுக்கும் தேங்காய் எண்ணெய் பூசினார். எங்கள் குளியலறையில் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெயைச் சுடுதண்ணீரில் வைக்காமல் போத்தலிலிருந்து எடுத்தது கிடையாது. முப்பது வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிற மனிதர். மறுநாள் நான்கு கதவும் மெழுகு வைத்து ஒட்டியதுபோல நின்றன. சுரண்டித் துடைத்தேன். நான் வாயைத் திறந்தால் "பொம்பிளையளுக்கு மோட்டர் வேலை என்னத்துக்கு" என்று தொடங்குவார்.

கடைசி வேலை சூடாக்கி. இந்த நாட்டுப் பழைய கார்களில் என்ஜினுக்குள் ஒன்று இருக்கும். தரிப்பிடத்தில் கார்களுக்கென்றே நட்டிருக்கும் மின்கம்பத்தில் வயரைச் செருகினால் உள்ளே கூலன்ட் சூடாகி, என்ஜினையும் சூடாக வைத்திருக்கும். எங்களுடையதில் செருகும் இடம் கறள் பிடித்திருந்தது. அரத்தாளால் தேய்த்து, வயரைச் செருகி, என்ஜின் மூடியான பொனற்றில் காதை வைத்துக் கேட்டேன். உலை கொதிக்கத் தொடங்குமுன் வரும் அந்த மெல்லிய சத்தம் வந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

புதன்கிழமை பின்னேரம் மைனஸ் இருபத்து நான்கு என்று சொன்னார்கள். விடிய நான்கு மணிக்குச் சூடாக்கி தானாக வேலை செய்யும்படி நேரத்தை வைத்தேன். பழைய கம்பளிப் போர்வை ஒன்றைப் பொனற்றின்மேல் விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்தேன். நல்ல சேலைக்கு மேல் போட வேண்டிய கோட்டைக் கதவருகே கொழுவினேன்.

காலை ஆறு மணிக்குச் சாமிக்கு விளக்குக் கொளுத்திக்கொண்டு நின்றேன். என் கணவர் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, சாவிக் கொத்திலிருந்து கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்காகக் காரைத் துடைத்து எடுத்து வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். நெஞ்சு இளகிவிட்டது. வெளிக்கிடுகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். கேட்டால் போகிற காரியம் சரிவராது. அதனால் கேட்கவில்லை. அவருக்குக் குளிருமே என்று எனக்கு வைத்திருந்த தேத்தண்ணிப் போத்தலைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

சேலை உடுத்து முடித்து ஆறாம் மாடி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். எல்லாக் காரும் பனிக்குள் இருந்தன. எங்கள் இடம் மட்டும் கறுப்பாக, வெறுமையாக இருந்தது. கம்பத்தில் வயர் தொங்கியது. போர்வை பனிக்குள் கிடந்தது.

அவருக்குப் போன் அடித்தேன். அவர் குரலுக்குப் பின்னால் என் என்ஜினின் சத்தம் கேட்டது, ஒரு பிசிறும் இல்லாமல்.

"கோயில் தலைவற்றை புதுக் கார் ஸ்ராட் ஆகேல்லையாம்," என்றார். "திருவிழாவுக்கு லண்டன் ஐயர் எயார்போட்டிலை வந்து இறங்கிறார். உங்கடை கார் ஓடுமோ எண்டு தலைவர் கேட்டவர். நான் என்னெண்டு இல்லை எண்டு சொல்லுறது?"

"எனக்கு ஒன்பது மணிக்குத் திராமனிலை நேர்முகம்."

"நீர் ரெயினிலை போகலாந்தானே. ஐயர் சூட்கேசோடை, குளிருக்கை என்னெண்டு ரெயினிலை வாறது? கோயில் காரியம்."

எயார்போட்டிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு ரெயின் புறப்படும் நாடு இது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையை ஊரில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். என் தேங்காய் உடைந்தபோது சிரிப்பு வரவில்லை. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளையும் எல்லோரும் ஏசுவார்கள். நான் புருஷனை நம்பினேன்.

சுரங்க ரெயின் இருபது நிமிடம் பிந்தி வந்தது. ஒஸ்லோ மத்திய நிலையத்தில் திராமன் ரெயின்கள் எல்லாவற்றுக்கும் நேரே சிவப்பில் 'ரத்து' என்று நின்றது. மாற்று பஸ்ஸுக்கு வரிசையில் நின்றேன். சேலைக் கரை பனியில் நனைந்து, பிறகு உறைந்து, மட்டைபோல் காலில் அடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. என்னை விசாரிக்க இருந்த இருவரில் ஒருவர் வேறு கூட்டத்துக்குப் போய்விட்டார். மற்றப் பெண் நல்ல மாதிரித்தான் பேசினாள். தண்ணீர் தந்தாள். ரெயின் கதையைச் சொன்னேன். "மற்ற மூன்று பேரும் ஒஸ்லோவிலிருந்துதான் வந்தார்கள்," என்றாள். காலைச் சாப்பாட்டை ஏழரைக்கு மேசையில் வைக்க வேண்டிய வேலைக்கு, ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தவளை யார் எடுப்பார்கள்? அவளுடைய இடத்தில் நானும் எடுத்திருக்க மாட்டேன். அடுத்த கிழமை கடிதம் வந்தது. இரண்டு வரி.

தைப்பூசத்தன்று பூசை முடிந்து தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "மைனஸ் இருபத்து நாலிலயும் தன்ரை வாகனத்தை ஒரே அடியிலை ஸ்ராட் பண்ணி, ஐயரைக் காலத்தோடை கொண்டுவந்து சேர்த்த எங்கடை செயலாளர்," என்றார். மண்டபம் கை தட்டியது. லண்டன் ஐயர் என் கணவருக்குப் பொன்னாடை போர்த்தினார். என் கணவர் கை கூப்பி, "எல்லாம் முருகன் செயல்," என்றார். நான் பெண்கள் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். விரல் முட்டிக் காயம் அப்போதுதான் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. அவர் என் பக்கம் ஒருதரம் பார்த்திருந்தால் நான் மன்னித்திருப்பேனோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பார்க்கவில்லை.

பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள்: "உங்கடை ஆள் கார் விசயத்திலை கெட்டிக்காரன் என்ன."

"ஓம்," என்றேன்.

பொன்னாடை எங்கள் வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரிக்குள் போனது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். நேர்முகம் என்னவாயிற்று என்று அவர் கேட்கவேயில்லை. கேட்க வேண்டாம் என்றுதான் கேட்கவில்லை. பதில் அவருக்குத் தெரியும்.

மாசியில் மறுபடி மைனஸ் இருபது என்றார்கள். எனக்குக் காலை ஏழு மணிக்கு ஒரு சமையலறையில் வேலைக்கு வரச்சொல்லிப் போன் வந்திருந்தது. பனிக்குள் விழுந்த என் கம்பளிப் போர்வையைப் பனி வழிக்கும் வண்டி எப்போதோ கொண்டுபோய்விட்டது. சோபாவில் கிடந்த போர்வையை எடுத்துக்கொண்டு போய்ப் பொனற்றுக்கு விரித்தேன். பிறகு திரும்ப மேலே வந்து, கண்ணாடி அலுமாரியைத் திறந்தேன்.

விடிய நான் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றபோது என் கணவர் அறையிலிருந்து வந்தார்.

"இஞ்சேரும், என்ரை பொன்னாடை எங்கை?"

"கீழை. காருக்குப் போர்த்தியிருக்கிறன்."

"உமக்கென்ன விசரே? அது சபையிலை வைச்சு எனக்குப் போர்த்தினது."

"ஓம். ஐயரைக் கொண்டுவந்தது கார்தானே."

அவர் ஜன்னலால் கீழே எட்டிப் பார்த்தார். கார்த் திறப்பு என் கோட்டுப் பைக்குள் இருந்தது. எங்கே என்று அவரும் கேட்கவில்லை.

அன்றும் கார் ஒரே அடியில் ஸ்ராட் ஆனது. விகார் வேலைக்கு நான் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன்.