அண்ணன் விரதம் முறிக்கவில்லை

ஆய்க்குடி முருகனை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் தப்பு இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லுகிற விஷயத்தில் தப்பு இல்லை.

இந்த நினைவு மலரின் அட்டையில் அண்ணனின் ஐயப்ப மாலை போட்ட படத்தை வைக்கப் போகிறேன் என்று சொன்னதும், சொந்தத்தில் சிலர் வேண்டாம் என்றார்கள். "மாலையோட குடிச்சுச் செத்தவன் படத்தை மாலையோடவா போடுவ?" என்று என் வீட்டு நடையில் நின்றே கேட்டார்கள். அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்தப் பேச்சு ஒரு வருடமாக நடக்கிறது. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது வடகரையில். அப்பாவுக்கு நெல் விவசாயம். பத்தாவது முடித்ததும் அண்ணன் டெம்போவில் கிளீனராகப் போய், பிறகு டிரைவரானார். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, செங்கோட்டை வழியாக மலையைத் தாண்டிக் கேரளத்துக்குக் கொண்டு போவார். இருபத்திரண்டு வருடம் ஓட்டினார், ஒரு ஆட்டுக்குட்டி மேல்கூட வண்டி பட்டதில்லை. எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அண்ணன்தான். குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால் எங்கள் எல்லோரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குப் போவார். எங்களைக் குளிக்க விட்டுவிட்டு, அவர் கரையில் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலேயே ஒரு கஷ்டம் உண்டு. சில மாதங்கள் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சோம்பேறி என்றார்கள். குடி வந்தது அதற்குப் பிறகு. குடியால் மனசு கெட்டது என்றுதான் ஊரில் பேச்சு. மனசு நோயில் கிடந்தபோது ஒருவரும் வந்து என்ன என்று கேட்கவில்லையே, அதை யார் பேசுவது?

மூன்று வருடங்களுக்கு முன்னால் மதினியும் நானும் அண்ணனை ஒரு மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். அவர் அண்ணனைத் திட்டவில்லை. என்ன வேலை என்று கேட்டார். டிரைவர் என்றதும், "அப்ப உங்களுக்குச் சட்டுனு புரியும் அண்ணாச்சி" என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார். மூளையில் ஒரு செல் இன்னொரு செல்லுக்கு ரசாயனத்தால் செய்தி அனுப்புகிறதாம். அதை வாங்கிக்கொள்ள ஒவ்வொரு செல்லின் மேலும் ரிசப்டர் என்று ஒன்று இருக்கிறதாம்.

"சில ரிசப்டர் பிரேக் மாதிரி, மூளையை அமத்தும். சிலது ஆக்சிலேட்டர் மாதிரி, கிளப்பி விடும். குடி உள்ள போனா பிரேக்கை அமுக்கும், ஆக்சிலேட்டரைப் பிடிச்சு வைக்கும். தினமும் அப்படியே நடந்தா மூளை சும்மா இருக்குமா? அது தன் பங்குக்குப் பிரேக்கைக் குறைச்சுக்கிடும், ஆக்சிலேட்டரைக் கூட்டிக்கிடும். இப்ப குடியை மட்டும் திடீர்னு எடுத்துட்டா என்ன ஆகும்?"

அண்ணன், "மலை இறக்கத்துல லோடோட பிரேக் இல்லாம இறங்குத மாதிரி" என்றார்.

"அதேதான். அதனால நீங்களா திடீர்னு நிப்பாட்டக் கூடாது. வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. இங்க வந்து மருந்தோடதான் நிப்பாட்டணும்." என் பக்கம் திரும்பி, "நீங்களும் கேட்டுக்கிடுங்க அம்மா" என்றார். நான் கேட்டேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

சந்தோசத்தை வாங்குகிற ரிசப்டரும் குடியில் மங்கிப் போகும், பெற்ற மகள் வந்து சிரித்தாலும் உள்ளே ஏறாது, திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னார். மதினி அங்கேயே அழுதுவிட்டார்கள். வெளியே வந்ததும் அண்ணன், "இத்தனை வருசமா எல்லாரும் குடிகாரன்னு ஏசுனாக. இந்த டாக்டரம்மாதான் மெக்கானிக் கணக்கா என்ன ரிப்பேருன்னு பாத்திருக்காக" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் படுத்து நிறுத்தினார். மாத்திரையோடு எட்டு மாதம் சொட்டு தொடவில்லை. அந்த வருடம் ஐந்தருவியில் அண்ணனும் குளித்தார்.

பிறகு கார்த்திகை வந்தது. எங்கள் அத்தை மகன் அத்தான்தான் குடும்பத்துக்குக் குருசாமி. மாலை போடும்போது, "மாத்திரையும் போதைதாம்லே. ஐயன் இருக்கையில உனக்கு மாத்திரை எதுக்கு?" என்றார். விரத நாட்களில் அண்ணன் தென்காசியில் என் வீட்டில்தான் தங்குவார். மாத்திரையை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் வைத்தவள் நான். மலைக்குப் போய்விட்டு நல்லபடியாகத்தான் வந்தார். மாலையைக் கழற்றிய பிறகும் நான் மாத்திரையை எடுத்துக் கொடுக்கவில்லை. நன்றாகத்தானே இருக்கிறார் என்று இருந்துவிட்டேன். பங்குனிக்குள் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்தார். அதற்குப் பின்னாலேயே குடியும் வந்தது.

"மாலை போட்டா நிப்பாட்டத் தெரியுதுல்லா. அப்ப இது நோயில்ல, திமிரு" என்றார் அத்தான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்த வருடம் மாலை போடுவதற்கு எட்டு மாதம் முன்னாலேயே அண்ணன் நிறுத்தியிருந்தார் என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

போன கார்த்திகையில் அண்ணன் காலையிலேயே குடிக்கிற நிலையில் இருந்தார். மறுபடியும் மாலை போடச் சொன்னார்கள். "அத்தான், டாக்டரம்மாவை ஒரு எட்டு பாத்துட்டு வந்து போடுதேன்" என்று அண்ணன் கேட்டார்.

"ஏலே, ஐயனை விடவா ஒன் டாக்டரு பெரிசு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் குற்றாலத்தில் மெயின் அருவியில் குளித்துவிட்டு வந்து கழுத்தைக் குனிந்து கொடுத்தார். நானும் அங்கேதான் நின்றேன். டாக்டரம்மா சொன்னது தொண்டை வரை வந்தது. மாலை போடுகிற இடத்தில் குறுக்கே பேசினால் பாவம் என்று வாயை மூடிக்கொண்டேன். எது பாவம் என்று எனக்கு இப்போது தெரியும்.

மறுநாள் கை நடுங்கியது. சட்டையெல்லாம் வேர்வை. மூன்றாம் நாள் காலை அத்தான் வீட்டுப் பூஜையில் உடம்பு முழுவதும் ஆட ஆரம்பித்தது. "சாமி வந்திருக்கு" என்று சரணம் போட்டார்கள். கற்பூரத்தைக் காட்டினார்கள். குறி கேட்கக்கூட இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். நான் அண்ணன் காலில் விழுந்தேன். விழுந்தபோதுதான் பார்த்தேன். அவருடைய வலது கால் தரையை அமுக்கி அமுக்கி மிதித்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி, பிரேக் பிடிக்கல. ஆடு குறுக்க வருது. ஏட்டி" என்றார்.

அது சாமி இல்லை. நான் கத்தினேன். "பூஜைக்கு நடுவுல என்ன கூப்பாடு?" என்று என்னை அதட்டினார்கள். வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தார்கள். மத்தியானத்துக்குள் அண்ணன் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ், "அக்கா, இவர்கிட்ட குடிச்ச வாடையே இல்லையே. நிப்பாட்டி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். மூணு நாள் என்றேன். "நிப்பாட்டுனதுலதான் வந்திருக்கு. மொத நாளே கொண்டாந்திருக்கலாமே" என்றார். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

அந்த வார்த்தையை அத்தானும் பக்கத்தில் நின்று கேட்டார். ஆனால் உடம்பை எடுப்பதற்கு முன்னாலேயே, "மாலையோட குடிச்சிருக்கான், ஐயன் சும்மா விடுவாரா" என்று பேச்சு கிளம்பிவிட்டது. யார் கிளப்பியது என்று நான் எழுதவில்லை. கிளப்பியவருக்குத் தெரியும். பழியை அண்ணன் தலையில் வைத்தாகிவிட்டது, மிச்சத்தை ஐயப்பன் தலையில் வைத்தாகிவிட்டது. நம் கையைக் கழுவிக்கொண்டோம். ஐயப்பன் அப்படிப்பட்ட சாமி இல்லை. நோயாளியின் மருந்தைப் பிடுங்கச் சொல்லி எந்தச் சாமியும் கேட்கவில்லை. கேட்டது நாம்.

அன்றைக்கு அண்ணன் யாருக்கும் தெரியாமல் ஒரு வாய் குடித்திருந்தால், ஒருவேளை இன்று உயிரோடு இருப்பார். குடிக்கவில்லை. அதனால்தான் செத்தார்.

அண்ணனை மனிதராக மதித்துப் பேசிய டாக்டரம்மாவுக்கும், அந்த நர்ஸுக்கும், வாடகை வாங்க மறுத்துவிட்ட ஆட்டோ தம்பிக்கும், ஊர் சொன்னது ஒன்றுக்கும் பதில் பேசாமல் மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் மதினிக்கும், தோள் கொடுத்த பாவூர்சத்திரம் மார்க்கெட் டிரைவர்களுக்கும் என் கும்பிடு. உங்கள் வீட்டில் குடியை நிறுத்தினவருக்குக் கை நடுங்கினால் தயவுசெய்து கற்பூரம் ஏற்றாதீர்கள், வண்டியைக் கூப்பிடுங்கள். அண்ணனின் வருட நினைவு நாளுக்கு அத்தானும் வர வேண்டும். வந்து அண்ணன் படத்துக்கு முன்னால் நின்று, இவன் குடித்தான் என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் பந்தியில் உட்காரட்டும்.

அட்டையில் நான் சொன்ன படம்தான் இருக்கிறது. அந்த மாலையை அண்ணன் கழற்றவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அந்த நர்ஸ்தான், "கழத்தலாமா அக்கா" என்று என்னிடம் கேட்டுக் கழற்றி, ஒரு வெள்ளைத் தாளில் மடித்துக் கொடுத்தார்.