பன்னிரண்டாவது சட்டை

சோபா இந்த வாசலுக்குள் நுழையாது என்று பார்த்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. அவள் சட்டைத் தொழிற்கூடத்தில் பட்டன் தைக்கிறவள். வாயும் பட்டன் போட்ட வாய்தான். அதனால் அவளைப் 'பட்டன்' என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள்.

மூன்று பேர் தூக்கினார்கள். மாடிப்படித் திருப்பத்தில் இரண்டு தடவை சிக்கியது. கடைசியில் சோபாவின் நாலு காலையும் ரம்பத்தால் அறுத்தெடுத்த பிறகுதான் உள்ளே போயிற்று. உள்ளே போனதும் பாதி அறையை அடைத்துக்கொண்டது. சமையல் மேடைக்குப் போக வேண்டுமென்றால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டுதான் போக வேண்டும்.

வாங்கி வந்தவர் அவள் வீட்டுக்காரர். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஆள் உயரம் என்பதால் அவருக்கு 'ஏணி' என்று பெயர். ஒரு பெரிய வீட்டில் வேலை செய்தபோது அங்கே இருந்த சோபாமேல் சொட்டு விழாமல் ஒரு வாரம் துணி போட்டு மூடியிருக்கிறார். மூடி மூடித் திறந்ததில் அதன்மேல் ஆசை வந்துவிட்டது. கையில் பணமில்லை. வாரக்காரரிடம் போய் நின்றார்.

வாரக்காரர் என்றால் வார வட்டிக்குக் கடன் கொடுப்பவர். "வட்டியை வாராவாரம் குடுத்துடுங்க. வாங்கின முதலை முடியறப்போ திருப்பிக் குடுத்தாப் போதும்" என்றார். கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருந்தது! அந்த 'முடியறப்போ' இரண்டு வருஷமாக வரவே இல்லை.

வந்தது வாரக்காரர்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறி வருவார். மின்விசிறிக்கு நேர் கீழே, சோபாவின் இடது மூலையில் சாய்ந்து உட்காருவார்.

"நல்ல சோபா. உக்காந்தா எழுந்திருக்க மனசு வரல" என்பார்.

வீட்டு ஆட்கள் அதில் உட்காருவதில்லை. ஏணியின் உடுப்பெல்லாம் பெயின்ட். அவள் மடியெல்லாம் நூல் துணுக்கு. அழுக்காகிவிடுமே என்று இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டார்கள். சோபாவை அனுபவித்த ஒரே ஆள் கடன் கொடுத்தவர்தான்.

அவளுக்கு ஒரு ரகசியம் இருந்தது.

தொழிற்கூடத்தில் சட்டைகள் கட்டுக் கட்டாக வரும். கட்டுக்குப் பன்னிரண்டு. கூலி சட்டைக்கு இவ்வளவு என்று. சோபா வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், பக்கத்து இருக்கைக்காரி குழந்தைக்குக் காய்ச்சல் என்று முன்பணம் கேட்டு மேஸ்திரி முன்னால் நின்றதை அவள் பார்த்தாள். மேஸ்திரி கையை விரித்தார். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கு அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டிலும் பன்னிரண்டாவது சட்டையின் கூலி தன்னுடையதில்லை என்று வைத்துக்கொண்டாள். பதினோரு சட்டைதான் தைத்தோம், அதற்குத்தான் கூலி. மீதியைப் பழைய பட்டன் டப்பாவில் போட்டுவிடுவாள்.

வாரத்துக்கு இருபது கட்டு தைப்பாள். ஆக வாரத்துக்கு இருபது சட்டைக் கூலி டப்பாவுக்குள் போகும். யாரிடமும் சொல்லவில்லை. என்ன வந்தாலும் தொடக்கூடாது என்று மனசுக்குள் ஒரு சத்தியம். மழைக்காலத்தில் ஏணிக்கு வேலையில்லாமல் போய், வெறும் கஞ்சியோடு ஒப்பேற்றிய நாட்களில்கூடத் தொடவில்லை.

டப்பா இருந்த இடம் யாருக்கும் தெரியாது. சோபாவின் மெத்தையைத் தூக்கினால் கீழே முரட்டுத் துணி. அதைக் கத்தரித்து, டப்பாவை உள்ளே வைத்து, துணிக்கு அழகாக நாலு பட்டன் தைத்திருந்தாள். இடது மூலையில்.

ஒருநாள் மதியம் மேஸ்திரி எல்லோரையும் கூட்டினார்.

"அடுத்த மாசத்துலேர்ந்து கையால தைக்கறது கிடையாது. காஜாவும் பட்டனும் வெளியில போகுது. சொந்தமா மெஷின் வச்சிருக்கறவங்களுக்குக் கட்டு குடுப்போம். வீட்டுலயே தைக்கலாம். இல்லாதவங்க..." என்று சொல்லி, மீதியை முழுங்கிவிட்டார்.

காஜா என்பது பட்டன் நுழையும் துளை. ஒரே மெஷினில் காஜாவும் எடுக்கலாம், பட்டனும் வைக்கலாம். விலையைக் கேட்டுவிட்டு அவள் வாய் இன்னும் இறுக மூடிக்கொண்டது. பதினைந்து வருஷ வேலை. மழைக்காலமோ பக்கத்தில் வந்துவிட்டது. அப்போது வீட்டில் அடுப்பு எரிவதே அவள் கூலியில்தான். மாசம் முடிய இருபத்திரண்டு நாள் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஏணி விஷயத்தைச் சொல்ல, வாரக்காரர் சோபாவில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"இதுக்கா இவ்வளவு யோசனை? நான் இருக்கேன்ல? மெஷினுக்கும் தரேன். பழசையும் புதுசையும் ஒண்ணாச் சேர்த்து ஒரே பத்திரமா எழுதிக்கலாம். என்ன தங்கச்சி?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"அது பேசாதுண்ணே" என்றார் ஏணி.

"பேசாட்டி சம்மதம்னு எடுத்துக்கறேன். அடுத்த வாரம் பத்திரம் கொண்டு வரேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. ஏணி ஒரு கடைக்குச் சுவர் அடிக்கப் போயிருந்தார். அவள் ஒரு பை பட்டனைத் தரையில் கொட்டினாள். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றவளுக்குப் பெரிய கணக்கு வராது. ஆனால் கட்டுக் கணக்கு கைவிரல் நுனியில் நிற்கும். ஒரு பட்டன் என்றால் ஒரு சட்டைக் கூலி.

வாரக்காரருக்குப் போகும் வட்டிக்கு வலது பக்கம் பட்டன் வைத்தாள். முப்பத்திரண்டு வந்தது. டப்பாவுக்குள் போவதற்கு இடது பக்கம் வைத்தாள். இருபது.

இரண்டு குவியலையும் மறுபடி எண்ணினாள்.

கீழ்வீட்டில் இருந்த நாத்தனார் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். மருந்துக் கடையில் பில் போடுகிறவள். 'ரேடியோ' என்று அவளுக்குப் பெயர் வைத்தது கூடப் பிறந்த அண்ணனேதான்.

"என்னண்ணி, சின்னப் புள்ள மாதிரி பட்டன் வெளையாட்டு?"

"கால்குலேட்டர் இருக்கா?"

"ஐயோ! அண்ணி வாயத் தொறந்துட்டாங்க! இருங்க, ஓடிப்போய் எடுத்துட்டு வரேன்."

இரண்டு வருஷத்து வட்டியைத் தட்டச் சொன்னாள். ரேடியோ தட்டினாள். மறுபடி தட்டினாள். பிறகு சோபாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணி, வட்டியாவே இன்னொரு சோபா வாங்கிட்டீங்க. அது எங்க இருக்கு? மொட்டை மாடியிலயா?"

அவள் சிரிக்கவில்லை. சோபாவின் மெத்தையைத் தூக்கி நாலு பட்டனையும் கழற்றினாள். டப்பாவைப் பார்த்ததும், வாழ்க்கையில் முதல்தடவையாக ரேடியோ நின்றுபோனது.

எண்ணினார்கள். வாரக்காரரின் முதல் முழுசும் இருந்தது. அதற்குமேல் கொஞ்சம் சில்லறையும் இருந்தது.

"இது இருக்கறப்பவா அந்தாளுக்கு வட்டி கட்டினீங்க?"

"சேமிப்பைத் தொடக்கூடாதுன்னு இருந்தேன்."

"அதுக்காக அதுமேலயே அந்தாளை உக்கார வச்சீங்களே அண்ணி!" ரேடியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைசியில் இவளுக்கும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வர இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தத் தண்ணீரில் பாதி சிரிப்பில்லை என்பது இவளுக்கு மட்டும் தெரியும்.

கடனை அடைத்தால் டப்பா காலி. மெஷினுக்கு என்ன செய்வது? திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தொழிலாளர்களின் சிக்கனச் சங்கத்துக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் கேட்கும் தைரியம் வருவதற்குள் மூன்று பேர் கழிந்து போனார்கள். தனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில்தான் கேட்டாள்.

"மெஷினுக்குக் கடன் குடுப்பீங்களா?"

"குடுப்போம்க்கா. தொழிலுக்குன்னா வட்டி கம்மி. ஆனா வெளிக்கடன் இருக்கக்கூடாது. இருந்தா அடைச்ச பத்திரத்தைக் கொண்டாங்க. பழைய மெஷின்னா இன்னும் சின்னக் கடனா முடிஞ்சுடும்."

தவணை எவ்வளவு என்று கேட்டாள். அந்தப் பெண் சொன்னதை மனசுக்குள் சட்டையாக மாற்றிப் பார்த்தாள். பழைய மெஷினுக்கு வாரத்துக்கு முப்பது சட்டை. வாரக்காரருக்குப் போகிற வட்டியைவிடக் குறைவு. இது முதலும் வட்டியும் சேர்ந்து, ஒன்றரை வருஷத்தில் தீர்ந்தே போகும். மெஷினில் ஒரு நாளைக்கு இரண்டு மடங்கு தைக்கலாம் என்பதை அவள் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அன்று சாயங்காலம் டப்பாவை ஏணியின் முன்னால் வைத்து, பன்னிரண்டாவது சட்டைக் கணக்கையும் சங்கத்துக் கடனையும் சொன்னாள். அவர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு வருஷமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தா ரெண்டாவது சோபா வந்திருக்கும்."

ஏணியின் முகம் சுருங்கிப்போயிற்று. அவள் பதறிவிட்டாள். "உங்களைக் குத்தம் சொல்லலங்க. நானும் தப்புதான். ஒரு கையால சேர்த்து இன்னொரு கையால அதைவிட அதிகமா வெளியில விட்டுக்கிட்டு இருந்திருக்கேன். சேர்த்தது மட்டும்தான் என் கண்ணுல பட்டுது."

அவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். விரலால் ஓரத்தைத் தடவினார். "எந்தச் சட்டைன்னு சொன்ன?"

"பன்னிரண்டாவது."

"நானும் ஒரு பன்னிரண்டாவது சுவர் வச்சுக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு, "ஆனா டப்பா எங்க இருக்குன்னு எனக்குச் சொல்லாதே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு வாரக்காரர் வந்தார். கையில் புதுப் பத்திரம். வழக்கமான மூலையில் சாய்ந்தார். அவள் டப்பாவை மறுபடி அதே மூலையில்தான் வைத்திருந்தாள். பழக்கத்தில் வைத்தாளா, வேண்டுமென்றே வைத்தாளா என்று ஏணி பிற்பாடு பலமுறை கேட்டிருக்கிறார்.

"அண்ணே, கொஞ்சம் எழுந்திருங்க" என்றாள்.

வாரக்காரர் திடுக்கிட்டு எழுந்தார். அவள் குரலை அன்றுதான் கேட்கிறார். அவள் மெத்தையைத் தூக்கினாள். ஒரு பட்டன், இரண்டு, மூன்று, நாலு. டப்பாவை எடுத்து அவர் முன்னால் எண்ணி வைத்தாள். எண்ணிக்கை தவறவில்லை.

"இது... இவ்வளவு நாளும் இதுக்குள்ளயா இருந்துச்சு?"

"நீங்கதான் காவல் காத்தீங்க" என்றார் ஏணி.

வாரக்காரர் சோபாவையும் பணத்தையும் பார்த்துவிட்டு, தன்னை மீறிச் சிரித்துவிட்டார். "அப்போ மெஷினுக்கு?"

"வேணாம்ண்ணே. பழைய பத்திரத்தைக் குடுங்க. தீர்ந்துதுன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க."

அவர் எழுதிக் கொடுத்தார். அவள் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மடித்து வைத்தாள்.

டப்பா காலியாக இருந்த அந்தப் பத்து நாள் அவளுக்குச் சுலபமாக இல்லை. யாராவது தும்மினால்கூட டப்பா ஞாபகம் வந்தது. சங்கத்தில் கையெழுத்துப் போடும்போது ஜன்னல் பெண், "இன்னும் கொஞ்சம் சேர்த்து எடுத்துக்கலாம்க்கா, உங்களுக்குத் தகுதி இருக்கு" என்றாள். பக்கத்தில் நின்ற ஏணியின் கண் ஒரு நிமிஷம் பளிச்சென்றது. அவள் அவர் காலை மெதுவாக மிதித்தாள். "மெஷின் விலை மட்டும் போதும்மா" என்றாள்.

மாசம் முடிய மூன்று நாள் இருக்கும்போது மெஷின் வந்தது. மாடிப்படி அகலத்தை அவள் முன்கூட்டியே நூலால் அளந்து வைத்திருந்தாள். எங்கேயும் சிக்கவில்லை. மேஸ்திரி வந்து பார்த்து, ஒரு காஜாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டு, இருபத்தைந்து கட்டு என்று ஏட்டில் குறித்துக்கொண்டு போனார். அப்போதுதான் அவளுக்கு மூச்சு சரியாக வந்தது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம். ஐந்து மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே மூச்சு வாங்கும் சத்தம். அவள் கால் மெஷின் மிதியில் அப்படியே நின்றுபோனது. கை தானாக, வட்டிப் பணம் முடிந்து வைக்கும் இடுப்பு முடிச்சுக்குப் போனது.

சத்தம் வாசலுக்கு வந்தது. கதவு திறந்தேதான் இருந்தது. வாரக்காரர் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வீட்டு வட்டிக்கு மேல்மாடிக்கு ஏறிப் போனார்.

அவள் எழுந்தாள். முதுகு விட்டுப்போயிருந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாதவள்போல அறையை ஒரு சுற்று பார்த்தாள். பிறகு மடியிலிருந்த நூல் துணுக்கைக்கூடத் தட்டாமல், இடது மூலையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

வேலை முடிந்து வந்த ஏணி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நானே கேக்கணும்னு இருந்தேன். இதை வித்துடலாமா? இடமாவது கிடைக்கும்."

"விக்கறதா? ரெண்டு சோபா விலை குடுத்திருக்கோம். உக்காருங்க."

"உடுப்பெல்லாம் பெயின்ட்..."

"பரவால்ல, உக்காருங்க."

அவர் ஓரமாக உட்கார்ந்தார். கால் இல்லாத சோபா என்பதால் நெட்டை ஆளின் முழங்கால் தாடைவரைக்கும் வந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. கைப்பிடிமேல் அன்று தைத்த கட்டின் பன்னிரண்டாவது சட்டை கிடந்தது. எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, பட்டன்கள் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள்.