அக்கா பிடிக்க வைத்த பிஞ்சுகள்

இன்று காலை கரவெட்டியில் எங்கள் வீட்டு மதிலில் படர்ந்த பூசணிக்கொடி பூத்திருந்தது. குனிந்து முகர்ந்தேன். அந்த மணம் என்னை எட்டு வயதுக்குக் கொண்டுபோனது.

போரில் இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய வருடம் அது. அம்மா கிணற்றடியில் நட்ட பூசணி நிறையப் பூத்தும், பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன. உயர்தரப் பரீட்சையில் உயிரியலில் சித்தியடையாத அக்கா, இனிப் படிப்பதில்லை என்று அறைக்குள்ளேயே கிடந்தாள். ஒருநாள் காலை அவள் எழுந்துவந்து ஆண்பூ ஒன்றைப் பிடுங்கி, இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, பெண்பூக்களுக்குள் தடவினாள்.

“இருக்கிற பூவையும் ஏனடி பிடுங்கிறாய்?” என்று அம்மா கத்தினாள்.

“தேனீ வரேல்லை அம்மா. மகரந்தம் பட்டாத்தான் காய் பிடிக்கும். ஒரு கிழமை பொறுங்கோ.”

அம்மா நம்பவில்லை. ஆனால் அக்கா தடவிய மூன்று பூக்களின் பிஞ்சுகளும் உதிரவில்லை. நாளுக்கு நாள் பருத்தன. ஏழாம் நாள் விடிந்ததும் அம்மா அக்காவைத் தட்டி எழுப்பினாள்.

“எழும்பு பிள்ளை, இண்டைக்கு ரெண்டு பெண்பூ விரிஞ்சிருக்கு. எனக்கும் காட்டித் தா.”

அன்று மத்தியானமே அக்கா கட்டிவைத்த பாடக் கொப்பிகளை அவிழ்த்து மேசையில் அடுக்கினாள். அடுத்த முறை சித்தியடைந்தாள். இப்போது பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறாள்.