வியாழக்கிழமை காலை ரத்தம்

டாக்டர் ஆவுடையப்பன் காலமான செய்தி மதுரையிலிருந்து தொலைபேசியில் வந்தபோது, நான் என் பரிசோதனைக் கூடத்தில் ஒரு மனிதரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தோம். அவர் பேருந்து நிலையத்தில் காபி குடித்துவிட்டு வந்திருந்தார். "காப்பிதானம்மா குடிச்சேன், ஒண்ணும் சாப்பிடலையே" என்று வாதாடினார். பாலும் சீனியும் உள்ளே போனால் அதுவும் சாப்பாடுதான் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. டாக்டரின் மருமகன் பேசினார். "மாமா போயிட்டாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்த விதத்திலேயே எதிரில் இருந்தவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "யாரு, மாடியில இருந்த டேப்பு டாக்டரா? அடப்பாவமே! ஊருக்கெல்லாம் ரத்தத்தைப் பாருங்கன்னு சொன்ன மனுசனுக்கே இப்படின்னா, நாம பாத்து என்னத்துக்கு ஆவப்போவுது?" என்றார். மடக்கி விட்டிருந்த சட்டைக் கையை இறக்கி, பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மாதங்கள் கழிந்து இதை எழுதும்போதும் அது முழுதாகத் தணியவில்லை. நினைவு மலருக்கு எழுதக் கேட்டவர்கள் அமைதியான நாலு வார்த்தைகளை எதிர்பார்த்திருப்பார்கள். டாக்டரை அறிந்தவர்கள் என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாளையங்கோட்டையில் எங்கள் இருவருக்கும் ஒரே கட்டடம். கீழே என் கூடம், மாடியில் அவருடைய மருத்துவ அறை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அங்கே வந்தபோதே அவருக்கு டேப்பு டாக்டர் என்ற பெயர் நிலைத்திருந்தது. வருபவர் காய்ச்சல் என்று வந்தாலும் சரி, கால்வலி என்று வந்தாலும் சரி, தையல்காரர் வைத்திருக்கும் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்துவிடுவார். பெண்களுக்குத் திரைக்குப் பின்னால் நர்ஸ் அளப்பார். எடை பார்க்கும் மெஷின் அவர் அறையிலும் இருந்தது. ஆனால் அதன்மேல் அவருக்கு மரியாதை கிடையாது. "கையும் காலும் குச்சி மாதிரி இருக்கும்மா, வயித்துல மட்டும் ஒரு பானையைக் கட்டித் தொங்க விட்டிருப்பான். மெஷின்ல ஏத்தினா எடை சரியா இருக்கும். கொழுப்பு எங்கன இருக்குன்னு மெஷினுக்கு என்ன தெரியும்?" என்பார்.

ஆண்கள் டேப்பைக் கண்டதும் வயிற்றை உள்ளே எக்கிக்கொள்வார்கள். பெரிய அதிகாரிகள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு அட்டென்ஷனில் நிற்பார்கள். டாக்டர் டேப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பார். களக்காட்டுக்காரர் என்றால் இந்த வருஷம் வாழைத்தார் என்ன விலைக்குப் போகுது என்று கேட்பார். வாத்தியார் என்றால் மாற்றல் உத்தரவைப் பற்றிக் கேட்பார். பதில் சொல்ல மூச்சை விட்டுத்தானே ஆக வேண்டும். வயிறு பைய வெளியே வரும். அப்போது அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். ஒருமுறை ஒரு வங்கி அலுவலரின் மனைவி பதறிப்போனார். "அவுகளுக்கு இப்பத்தான் உடம்பு பிடிச்சிருக்கு டாக்டர். நீங்க டேப்பை வச்சு அளந்து கண்ணு வச்சிராதீய" என்றார். டாக்டர் சிரித்துக்கொண்டே டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். கணவர் மட்டும் தனியாக வந்த அன்று மறக்காமல் அளந்துவிட்டார்.

இடுப்பளவைப் பார்த்துவிட்டு ஆளைக் கீழே என்னிடம் அனுப்புவார். ரத்தத்தில் ஓடும் கொழுப்பில் எது அதிகம், எது குறைவு என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நாளைக்கு மாரடைப்பும் சர்க்கரையும் யாரைத் தேடி வரக்கூடும் என்று ஓரளவு சொல்ல முடியும் என்பது அவர் கட்சி. வரக்கூடும் என்றுதான் சொல்வார், வரும் என்று சொல்ல மாட்டார். இந்த ஊரில் அந்த வித்தியாசம் யாருக்கும் பிடிபடவில்லை. ஒன்று, சோசியம் மாதிரி பயப்படுவார்கள். இல்லாவிட்டால், பரீட்சை மாதிரி படித்துவிட்டு வருவார்கள்.

படித்துவிட்டு வருவது என்று நான் சும்மா சொல்லவில்லை. ஐப்பசியில் கந்த சஷ்டி வரும். ஆறு நாள் விரதம் இருந்து, திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு ஊர் திரும்புபவர்களில் பாதிப்பேர் நேரே என் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். வயிறு காய்ந்து கிடக்கும்போது ரத்தம் கொடுத்தால் எண் நன்றாக வரும் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். ட்ரைகிளிசரைடு என்று ஒரு கொழுப்பு உண்டு. பட்டினி கிடந்தால் அது சில நாளிலேயே இறங்கிவிடும், பழையபடி சாப்பிடத் தொடங்கினால் ஏறிவிடும். இறங்கிய எண்ணைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஐப்பசி வரை அல்வாவும் தேங்காய்ப்பால் சொதியுமாக வாழ்வார்கள்.

இதற்காகவே டாக்டர் ஒரு கிழமை பார்த்து வைத்திருந்தார். நான் அதைக் கேட்டுச் சிரித்த நாள் நினைவிருக்கிறது. "ஞாயித்துக்கிழமை கறி. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. புதன் ஒண்ணுதாம்மா நம்ம ஊர்ல ஆள் இல்லாமக் கிடக்கு. புதன்கிழமை விரதமும் கிடையாது, விருந்தும் கிடையாது. அன்னைக்குத் தின்னதுதான் அவன் உள்ளபடிக்குத் திங்குறது. அதனால வியாழக்கிழமை காலையில எடுத்த ரத்தத்தைத்தான் நான் நம்புவேன்" என்றார். சீட்டில் மருந்துக்குக் கீழே "வியாழன் காலை" என்று எழுதி இரண்டு கோடு போடுவார். எத்தனை பேர் அப்படி வந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

வராதவர்களில் முதல் ஆள் அவருடைய பள்ளித்தோழர், அம்பாசமுத்திரத்து அரிசி ஆலை சிதம்பரநாதன் அண்ணாச்சி. அண்ணாச்சியே தன் ரிப்போர்ட்டைக் கடைத்தெரு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிவதால், நான் இங்கே எதையும் வெளியிட்டுவிடவில்லை. மெலிந்த கை, மெலிந்த கால், முன்னால் தள்ளிய வயிறு. அவருடைய அப்பா அறுபதைத் தொடாமல் ஆலைக் களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர். அண்ணன் போனதும் அப்படித்தான். டாக்டருக்கு இருந்த பெரிய கவலையே இந்த நண்பர்தான். ஊருக்கெல்லாம் டேப்பு பிடித்ததுகூட இவரை முன்னிட்டுத்தானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒரு சஷ்டி முடிந்த காலையில் அண்ணாச்சி நெற்றி நிறைய விபூதியோடு என் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்து பிடித்துக்கொண்டார்.

"ஏலே சிதம்பரம், ஆறு நாளு பாலும் பழமுமா இருந்துட்டு வந்து கையை நீட்டுதியே, இது யாரை ஏமாத்த?"

"ஏமாத்த என்னலே இருக்கு? முருகன் முன்னால சுத்தமாத்தான நிக்கேன். டாக்டர் முன்னாலயும் அப்படித்தான் வரணும். அழுக்கு வேட்டியோடயா வருவாவ?"

"வேட்டியைப் பாக்கவாலே நான் படிச்சிட்டு வந்தேன்? அழுக்கு எங்கன இருக்குன்னு பாக்கத்தான் இருக்கேன். வெளுத்துக் கட்டிட்டு வந்தா நான் என்னத்தைக் கண்டுபிடிக்க?"

"அம்மா, நீங்க ரத்தத்தை எடுங்க. இவனுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு" என்று அண்ணாச்சி என் பக்கம் கையை நீட்டினார்.

டாக்டர் டேப்பை எடுத்து நண்பரின் இடுப்பைச் சுற்றினார். விரதத்தில் ரத்தம் இளைத்திருந்ததே தவிர, வயிறு அசையவில்லை. "இதை மட்டும் வெளுக்க முடியல பாத்தியா" என்றார். "அது எங்க அய்யா குடுத்த சொத்துலே" என்று அண்ணாச்சி தடவிக் காட்டினார். "சொத்தோட சேந்து வேற என்னத்தையும் குடுத்திருக்காவளோன்னுதாம்லே கேக்குதேன்" என்று கேலியை விட்டுவிட்டுச் சொன்னார் டாக்டர். அண்ணாச்சி அதைக் கவனிக்கவில்லை. ரிப்போர்ட் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார்.

டாக்டர் தன் ரத்தத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை வியாழக்கிழமையில்தான் கொடுப்பார். இந்தத் தை மாதமும் கொடுத்தார். கொழுப்பு அளவுகள் எப்போதும்போல நன்றாக இருந்தன. வழக்கமாகப் பார்க்கும் மற்ற சோதனைகளையும் பார்த்தபோது, வெள்ளை அணுக்கள் இருக்கவே கூடாத தோற்றத்தில் இருந்தன. மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து, மறுபடியும் உட்கார்ந்து பார்த்தேன். ரத்தப் புற்றுநோய். மாடிக்குப் போய் அவரைக் கூப்பிட்டு வந்தேன். அவரே குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "கொழுப்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். "நான் காவல் இருந்த வாசல் வழியா வரல. புறவாசல் வழியா வந்திருக்கு" என்றார். பிறகு மாடிக்குப் போய், காத்திருந்தவர்களையெல்லாம் பார்த்து முடித்தார்.

மதுரை மருத்துவமனையில் நான் கடைசியாகப் பார்த்தபோது அவருக்குப் பேச மூச்சு போதவில்லை. ஆனாலும் பேசினார். "நான் செத்தா சிதம்பரம் இருக்கானே, அந்தக் கோட்டிக்காரப் பயலுக்கு ஒரு பாயிண்ட் கிடைச்சிரும்மா. அளந்தவனே போயிட்டான்னு சொல்லுவான். பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன். நீங்கதான் சொல்லணும். ஒரே ஒரு வியாழக்கிழமை அவனை இழுத்துட்டு வந்துருங்க" என்றார். சரி என்றேன். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

ஆடி மாதம் வீட்டு வாசலில் அவரைக் கிடத்தியிருந்தபோது, அண்ணாச்சி குழந்தை மாதிரி விம்மி அழுதார். அழுது ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பி, டாக்டர் சொன்ன அதே சொற்களைச் சொன்னார். "பாத்தியளாம்மா, அளந்தவன் போயிட்டான். அளக்க விடாத நான் இருக்கேன். ரத்தத்தைப் பாரு பாருன்னான், அவனுக்கு ரத்தத்துலயே வந்துட்டு." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் பதில் சொன்னேன். டாக்டர் பேசியது மாரடைப்பைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும்தான், சாவே வராது என்று அவர் யாருக்கும் சொன்னதில்லை என்றேன். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் பிரேக்கைப் பார்த்துத்தான் கிளப்புகிறார்கள். வழியில் டயர் வெடித்துவிட்டால், பிரேக் பார்த்தது வீண் என்றா சொல்வோம் என்று கேட்டேன். அண்ணாச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்லுதது சரிதாம்மா. இருந்தாலும்..." என்றார்.

அந்த "இருந்தாலும்" இருக்கிறதே, அதோடுதான் டாக்டர் தன் தொழில்காலம் முழுக்கப் போராடினார். எதிர்த்துப் பேசினால்கூடப் பதில் சொல்லிவிடலாம். ஒப்புக்கொண்டு, தலையாட்டி, கடைசியில் "இருந்தாலும்" என்பவரிடம் என்ன செய்வது? எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

இந்த ஐப்பசியிலும் சஷ்டி முடிந்த மறுநாள் அண்ணாச்சி வந்தார். அதே விபூதி, அதே நீட்டிய கை. ஊசியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை வாருங்கள் என்றேன். "அவன் போயும் அவன் சட்டம் போகலையா?" என்று முகம் சிவந்து எழுந்து போனார். சாயங்காலம் ஆலைக்காரப் பையன் ஒருவனிடம் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தார். வேறொரு கூடத்தில் எடுத்த ரிப்போர்ட், கூடவே அரைக்கிலோ அல்வா. எண்கள் எல்லாம் பிரமாதமாக இருந்தன. அல்வாவை நான் தொடவில்லை. கூடத்தில் வேலை செய்யும் பெண்கள் சாப்பிட்டார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை டாக்டரின் நினைவுக் கூட்டம். தலைமை அண்ணாச்சிதான். செலவு முழுவதும் அவருடையது. கூட்டம் முடிந்ததும் சொதிச் சாப்பாடு என்று அழைப்பிதழிலேயே போட்டிருக்கிறார். நண்பனுக்குத் தன்னால் முடிந்த பெரிய மரியாதையை அவர் செய்கிறார் என்பது எனக்குத் தெரியும். அன்பில் குறையே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

டாக்டரின் டேப்பை அவர் மகள் எடுத்துக்கொண்டாள். அது அவளிடம் இருப்பதுதான் முறை. என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய வியாழக்கிழமை. அதைக் கூடத்தின் வாசல் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன். பேச்சுக் கொடுத்து மூச்சை விட வைக்கும் அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை, அதனால் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

அண்ணாச்சி, மேடையில் உட்கார்ந்து இந்த மலரைப் புரட்டும்போது உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். உங்கள் நண்பர் மூச்சு முட்ட என்னிடம் கேட்டது உங்களைத்தான். ஞாயிற்றுக்கிழமை சொதி சாப்பிடுங்கள். புதன்கிழமை வீட்டில் எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் வேண்டாம், காபியும் வேண்டாம். வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்துவிடுங்கள், கூடத்தைத் திறந்து வைத்திருப்பேன். அழுக்கு வேட்டியோடு வாருங்கள்.