உப்பு மண்ணைத் தேய்த்த கை

அரபு நாட்டு முசஃபாவில் மண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ரெங்கராஜுக்கு வேலை. என்ன வேலை என்று கேட்டால், "உப்பு மண்ணைத் தேய்க்கிறேன்" என்பார். கேட்பவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரித்துவிடுவார்.

கடலோர உப்பளத்து மண்ணில் மீன் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்று கட்டப்போகிறார்கள். வெளியே நெருப்பாய்க் காய்கிற ஊர்தான். ஆனால் குளிர் இறங்காமல் என்ன காப்பு போட்டாலும் கிடங்குத் தரைக்கு அடியில் குளிர் இறங்கி மண் உறைந்துபோகும். கழுவித் துடைக்க மெஷினை நிறுத்தினால் இளகும். ஓடவிட்டால் மறுபடி உறையும். அந்த மண்ணில் சிமெண்ட் கலந்து, இடித்து, உலக்கைத் துண்டு போல உருளைகளாக்கி, ஃப்ரீசரில் வைத்து, பிறகு ஈர அறையில் இளகவிட்டு, ஒவ்வொரு தடவையும் கம்பி பிரஷால் தேய்க்க வேண்டும். எவ்வளவு உதிர்கிறது என்று பார்த்துத்தான் கலவை தேறுமா தேறாதா என்று சொல்வார்கள்.

ரெங்கராஜ் அஞ்சாவதுக்கு மேல் படித்தவரில்லை. முன்பு சைட்டில் ரோட்டு வேலை பார்த்தார். போன கோடையில் வெயில் தாங்காமல் ரோலர் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். முருகன் புண்ணியத்தில் பிழைத்து லேபுக்கு வந்து சேர்ந்தார். இன்னொரு கோடை சைட்டில் நின்றால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை தோறும் தொழிலாளர் கேம்ப் ரூமில் சின்னப் பித்தளை வேல் ஒன்றைப் புளி போட்டுத் துலக்குவார். சாமிக்கு வலிக்கக் கூடாது என்பது போல அத்தனை பதமாக. அதே கைதான் உப்பு உருளையையும் தேய்த்துக்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரியாது.

ஒரு தடவை காய்ச்சலில் படுத்துவிட்டார். பிரஷ் சாதிக் பாட்ஷாவிடம் போயிற்று. அவர் கீழக்கரைக்காரர், கலவை இடிப்பவர். ரெங்கராஜ் திரும்பி வந்தபோது தட்டு நிறைய உதிர்ந்த மண் கிடந்தது.

"ஏன் பாய், மண்ணு மேல உங்களுக்கு என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்லண்ணே. நீங்க தேய்ச்சா அதுக்குத் தூக்கம் வரும், நான் தேய்ச்சா முழிப்பு வரும். அவ்வளவுதான்."

லேபைக் கவனிக்கும் யாழ்ப்பாணத்துத் தயாபரன் சிரிக்கவில்லை. "ஒரே கலவைதான். ரெண்டு பேரில ஒராளின்ர கை பிழை. ஏனெண்டு மனேஜர் கேட்டிட்டார். பிழையான ஆள் சைட்டுக்குத்தானாம்."



தயாபரன் ஓர் உருளையைத் தராசில் பொருத்தினார். இருவரும் அதன்மேல் பிரஷ் போட வேண்டும்; தேவையான அழுத்தத்துக்குத் தராசில் சிவப்புக் கோடு போட்டிருந்தது. சாதிக் பாட்ஷா தேய்த்ததும் முள் சரியாகச் சிவப்புக் கோட்டில் போய் நின்றது. ரெங்கராஜ் தேய்த்தபோது பாதிக்கே வரவில்லை.

"இன்னும் அழுத்துங்கோ அண்ணை."

"அழுத்துறேனே தம்பி!"

"இது அழுத்தமே? பிள்ளைக்குப் பவுடர் போடுற மாதிரிக் கிடக்கு."

"பவுடர் இல்ல சார், அபிஷேகம்" என்றார் சாதிக் பாட்ஷா. "அடுத்தது சந்தனக்காப்பு."

"வெறும் மண்ணுதான்னு புத்திக்குத் தெரியுது பாய். கை கேக்க மாட்டேங்குது."

தயாபரன் குரலைத் தணித்தார். "அண்ணை, உந்த மண் இஞ்ச உதிராட்டி அங்க உதிரும். தரை வீங்கி வெடிச்சா மீன் பெட்டி அடுக்கின ரேக் சரியும். கீழ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவன் ஒருத்தன் இருப்பான். உங்கட கேம்ப் ஆளாயும் இருக்கலாம்."

ரெங்கராஜ் பிரஷை இறுக்கிப் பிடித்தார். பிறகு "முருகா" என்று முனகிவிட்டு அழுத்தினார். முள் கோட்டைத் தாண்டி ஓடியது. அடுத்த இழுப்பில் குறைந்தது. பார்க்காமலே முள் கோட்டில் நிற்கும்வரை அன்று மாலை முழுக்கத் தேய்த்தார். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது.

அதே கலவையில் புது உருளைகள் போட்டார்கள். இந்த முறை தேய்த்தது அவர் மட்டும். முதல் சில தடவை தாங்கியது. அப்புறம் இளகி வந்த உருளையின் விளிம்பில் உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது. பிரஷ் பட்டதும் விளிம்பு கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. அவர் கையைத் தளர்த்தவில்லை.

"தம்பி, இது தாங்காது. சிமெண்டக் கூட்டணுமோ, வேற எதையும் சேக்கணுமோ, நீங்க பாருங்க."

தயாபரன் உதிர்ந்ததை எடை போட்டுப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். "சேர், தேறுமெண்டு அனுப்பின பழைய ரிசல்ட்டை நிப்பாட்டுங்கோ. கலவை மாத்தவேணும்... ஓம், ரெங்கராஜ்தான் தேய்ச்சவர். இல்லை சேர், அவரை விடேலாது. சைட்டுக்கு வேற ஆளைப் பாருங்கோ."

ரெங்கராஜ் தட்டைத் துடைத்துவிட்டு அடுத்த உருளையை எடுத்தார்.