நெல்லிக்கட்டை போட்ட கிணறு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் என் வீட்டுக்காரர் தறியில் உட்காருவார், நான் கறை எடுப்பேன். பட்டுப்புடவையில் எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் என்னிடம் வரும். மெட்ராஸிலிருந்து டின்னில் வரும் மருந்தைப் பஞ்சில் தொட்டு ஒத்துவேன். கறையும் போகும், மருந்தும் பறந்துபோகும். துணியில் ஈரம்கூட இருக்காது. துணியிலிருந்து பறப்பது மண்ணிலிருந்தும் பறந்துவிடும் என்று நானே முடிவு கட்டி, அழுக்கான மருந்தைத் தோட்டத்துக் குழியில் நாலு வருஷம் ஊற்றினேன். பெரிய அறிவாளி!

குழிக்குப் பக்கத்திலேயே கிணறு. எங்களுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பொது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவின் மகள், தண்ணீரில் வாடை அடிக்கிறது, குடித்தால் தலை சுற்றுகிறது என்றாள். பிள்ளைத்தாச்சி நாக்கு அப்படித்தான் என்றேன் நான். அக்கா கேட்கவில்லை. ஆள் வைத்துத் தூர் வாரி, படவேட்டிலிருந்து நெல்லிக்கட்டை வரவழைத்து அடியில் இறக்கினார். நெல்லிக்கட்டை கிடந்தால் தண்ணீர் இனிக்கும் என்பார்கள்.

கட்டை இறங்கியதும், வாடை என்றதையே எல்லோரும் தித்திப்பு வாசனை என்றார்கள். தெருவே வந்து குடித்துப் பார்த்தது. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகளுக்குச் சொம்பு சொம்பாகக் கொடுத்தார். அவளுக்குத் தலைசுற்றல் மட்டும் நிற்கவில்லை.

தீபாவளி வேலை முடிந்து பத்து நாள் நான் டின்னைத் திறக்கவில்லை. மருந்து நெடியில் மரத்துக் கிடந்த மூக்கு திரும்பி வந்திருந்தது. ஒரு வாய் குடித்ததும் அது எந்த வாசனை என்று தெரிந்துவிட்டது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், பயம், வேறென்ன. மூன்றாம் நாள் அந்தப் பெண் சொம்பைத் தூக்கினாள், அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, அது நெல்லி வாசனை இல்லீங்க. என் டின்னு வாசனை. நான்தான் குழியில ஊத்திகினு இருந்தேன்."

அக்கா சொம்பைப் பிடுங்கிக் கவிழ்த்தார்.

"எத்தினி நாளா?"

சொன்னேன். அதோடு அக்கா என்னோடு பேசுவதை விட்டார்.

நானும் வீட்டுக்காரரும் குழி மண்ணை வெட்டி அள்ளினோம். மோட்டார் வைத்து மூன்று முறை கிணற்றை இறைத்தோம். தண்ணீர் தெளிவாக ஊறியது, வாசனையும் கூடவே ஊறியது. கடைசியில் கிணற்றையே கல் போட்டு மூடிவிட்டோம். தெருக்குழாயிலிருந்து தினம் நாலு குடம் சுமந்து அக்கா வாசலில் வைத்தேன். மறுநாள் காலிக் குடங்கள் அங்கேயே இருக்கும்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெயர் வைக்கும் அன்று அக்கா என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். நான் கறை எடுப்பதைக் குழி வெட்டிய அன்றே விட்டிருந்தேன். குழந்தையை என் மடியில் போடுமுன் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். பிறகு இன்னொரு கையையும் கேட்டார். நீட்டினேன்.